பூசல் குறைந்த ஒரு காதற்கதை

மாலை வேளையில் நம்மவர் இல்லங்களுக்குச் செல்லும்போது, வாயிற்படியை மிதிக்கும் முன்னரே உள்ளிருந்து அழுகுரலும் அதட்டலும் காதில் விழுவது வழக்கமாகிவிட்டது. ஏதோ குடும்பச் சண்டை நடக்கும் வேளையில் வந்துவிட்டோமோ என்று தயங்கி நின்றால், "வாருங்கள், வாருங்கள், தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று முகமலர்ந்து வரவேற்கின்றனர். மாமியார் மருமகளுக்குச் சூழ்ச்சி செய்வதும், மருமகள் அதற்கு எதிர்ச்சூழ்ச்சி செய்வதும், இடையில் ஒருத்தி கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்பதும் முடிந்த பின்னரே அவ்வீடுகளில் இலை போடப்படுகிறது.

அண்மையில் சில இல்லங்களில் இதற்கு மாறான காட்சி ஒன்றைக் கண்டோம். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள், முன்னாளில் நாம் சயாம் என்று வழங்கிய தாய்லாந்தின் தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கின்றனர். மொழி விளங்காவிடினும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக் கதையைத் தொடர்கின்றனர். அருகில் அமர்ந்த பாட்டிமார், "என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள்?" என்று கேட்க, பேரப்பிள்ளைகள் தமிழில் சொல்லிக்கொண்டே வருகின்றனர்.

அவ்வாறு பலர் கூடிப் பார்த்த தொடர் ஒன்றைப் பற்றி இருவகைக் கருத்துகள் நம்மிடம் வந்து சேர்ந்தன. "பதினைந்து பகுதிகளும் பார்த்தாயிற்று, ஒன்றுமே நடக்கவில்லை, உப்பில்லாப் பண்டம்" என்றனர் ஒரு சாரார். "பார்த்துவிட்டுப் படுத்த இரவெல்லாம் நல்ல உறக்கம் வந்தது" என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் நமக்கு வேண்டியவர்களே. ஆதலின் நாமும் அதனை முதலிலிருந்து முடிவுவரை பார்த்துவிட்டு, நம் எண்ணத்தை இம்மாதம் இப்பகுதியில் எழுதலானோம்.

தொடரின் பெயர் 'புப்பே சன்னிவாத்'. பாலி மொழியிலிருந்து வந்த இத்தொடருக்கு, முற்பிறப்பில் உடன் வாழ்ந்தமை என்பது பொருள். பூர்வஜன்ம பந்தம் என்று நம் பெரியோர் கூறுவதும் இதுவேயாகும். வெளிநாடுகளில் 'லவ் டெஸ்டினி' என்னும் பெயரால் அறியப்படுகிறது. ரோம்பேங் என்னும் புனைபெயர் கொண்ட பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 21 முதல் ஏப்ரல் 11 வரை, புதனும் வியாழனுமாக, தாய்லாந்தின் மூன்றாம் அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. ரானி கேம்பன் நாயகியாகவும், தானவத் வத்தனபுத்தி நாயகனாகவும் நடித்திருக்கின்றனர்.

கதை நிகழும் இடம் அயுத்தயா. நம் அயோத்தியின் பெயரைத் தாங்கிய இந்நகரம், 1351ஆம் ஆண்டு தொடங்கி 1767இல் பர்மியப் படையால் அழிக்கப்படும்வரை சயாமின் தலைநகராக விளங்கியது. கதை நிகழும் காலம் நாராய் மன்னர் ஆண்ட காலம். அதாவது 1656 முதல் 1688 வரை. நாராய் என்பது நாராயணனே. டச்சுக்காரர், போர்த்துக்கீசியர், பாரசீகர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டாரும் அந்நகரில் வந்து தங்கிய காலம் அது. நம் சோழமண்டலக் கரையில் சயாமியரின் விருப்பத்திற்கேற்பக் கோலமிட்டுச் சாயந்தோய்த்த துணிகள், கப்பலேறிச் சென்று அந்நாட்டுப் பெருமக்களின் இடையை அலங்கரித்த காலமும் அதுவே.

இனிக் கதைக்கு வருவோம். நம் காலத்துப் பெண்ணொருத்தி, கேத்சுரங் என்னும் பெயருடையவள், தொல்பொருளியல் பயின்றவள். பருத்த உடலும் கலகலப்பான பேச்சும் உண்பதில் பெருவிருப்பும் உடையவள். வாகன விபத்தில் அவள் உயிர் பிரிகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அயுத்தயாவில் உயர்குடி இல்லம் ஒன்றில் காரகேத் என்னும் அழகி வாழ்கிறாள். காரகேத் என்பது தாழம்பூவைக் குறிக்கும் பெயர். தாழையின் மடலைப் போன்றே அவளிடம் முள் மிகுதி. அவ்வீட்டு மகன் தேத் என்பானுக்கு மணம் பேசப்பட்டவள். பெற்றோரை இழந்து பிட்சனுலோக் நகரிலிருந்து வந்து அங்குத் தங்கியிருப்பவள். சன்வாத் என்னும் நற்பெண் மீது கொண்ட பொறாமையால் அவளது படகைக் கவிழ்க்கச் செய்கிறாள். சன்வாத் தப்பினாலும் அவளுடைய பணிப்பெண் நீரில் மூழ்கி இறக்கிறாள். குற்றவாளி யாரென அறியத் தேத்தும் அவன் தந்தையும் கிருஷ்ணகாளி மந்திரத்தை ஓதுகின்றனர். காரகேத்தின் உயிர் நீங்குகிறது. அவ்வுடலில் கேத்சுரங்கின் உயிர் வந்து புகுகிறது. வீட்டாருக்கு இது தெரியாது. கொடுமைக்காரியான காரகேத்தே கண்விழித்து எழுந்ததாக அவர்கள் எண்ணுகின்றனர்.

இதன் பின்னர்ப் பெருஞ்சூழ்ச்சிகள் வரும் என்று எதிர்பார்த்தவர்களே ஏமாற்றமடைந்தனர். அவர்கள் கூறுவதிலும் உண்மையுண்டு. புதிதாய் வந்தவள் செய்வதெல்லாம் என்ன? ஆற்றுநீரை அப்படியே அருந்துவதைக் கண்டு, மணலும் கரியும் அடுக்கி நீர் வடிகட்டும் கலம் அமைக்கிறாள். ஆற்று இறாலைச் சுட்டுக் காரச் சுவைநீர் கூட்டி வீட்டாருக்குப் படைக்கிறாள். மாங்காயை இனிப்பூட்டிய மீன்சாற்றில் தோய்த்து உண்ணக் கற்பிக்கிறாள். இருபத்தோராம் நூற்றாண்டுச் சொற்களை வாய்தவறிச் சொல்லிவிட்டு, பணிப்பெண்கள் இருவரும் வியந்து விழிக்கும்போது ஏதோ கூறி மழுப்புகிறாள். தேத் என்ன செய்கிறான்? முகத்தைச் சுளிக்கிறான், கடிந்து பேசுகிறான், பிறகு தூணருகில் நின்று அவளைப் பார்க்கிறான். பல பகுதிகளில் அவன் செய்யும் பெருஞ்செயல் இந்தப் பார்வை ஒன்றுதான்.

இருவரும் இயல்பால் வேறுபட்டவர்கள். அவன் அரசவைப் பணியாளன், சொல்லெண்ணிப் பேசுபவன், நடை, உடை, அமர்வு யாவற்றிலும் வரம்பு காப்பவன். அவன் தந்தை ஹோராதிபதி, தாய் மொழியின் முதற் பாடநூல் எனப் போற்றப்படும் 'சிந்தாமணி'யை இயற்றியவராக மரபில் கூறப்படும் அறிஞர். அத்தகைய வீட்டில், படிக்கட்டில் ஓடி ஏறுபவளும் வாய்விட்டுச் சிரிப்பவளும் ஆடவரை நேர்நோக்கிப் பேசுபவளுமான ஒருத்தி வந்து சேர்கிறாள். இவ்விருவர் இயல்பையும் மோதவிட்டு ஓயாத சச்சரவை உண்டாக்குவது கதாசிரியருக்கு எளிது. தாய்லாந்துத் தொடர்களிலேயே அதற்கென ஒரு வகை உண்டு. நாயகன் நாயகியை வன்மையால் அடக்கி, அடித்தும் அணைத்தும் இறுதியில் மணப்பதாக வரும் அவ்வகையை, அந்நாட்டு மக்களே 'அறைதலும் முத்தமும்' என்று பெயரிட்டு அழைக்கின்றனர். அந்நாட்டில் பலர் அதனைக் கண்டித்தும் வந்திருக்கின்றனர். அந்த வழக்கத்தின் நடுவே, கையை ஓங்காத நாயகன் ஒருவனை மக்கள் பெருமகிழ்ச்சியுடன் வரவேற்றதில் வியப்பில்லை.

ஆயினும் இக்கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்னும் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. இதில் பூசல் வெளியே குறைவு, உள்ளத்திற்குள் உண்டு. தேத் அவளை வெறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அவன் அறிந்தவரையில் அவள் ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் சாவுக்குக் காரணமானவள். நேற்றுவரை பணிப்பெண்களைச் சவுக்கால் அடித்தவள் இன்று அவர்களோடு அமர்ந்து சிரிக்கிறாள் என்றால், அறிவுள்ளவன் அதனை நடிப்பு என்றுதானே கருதுவான்? அவ்வாறே அவனும் கருதுகிறான். ஒரு நாள் நற்செயலைக் கண்டு அவன் மனம் மாறிவிடவில்லை. இரண்டாம் நாளும் ஐயுறுகிறான். பத்தாம் நாளும் ஐயுறுகிறான். ஐயத்தோடு பார்க்கப் பார்க்க, பார்த்தது ஐயத்தைக் கரைக்கிறது. ஒருவரைப் பற்றி நாம் கொண்ட தீர்ப்பு, அது நியாயமான தீர்ப்பாகவே இருந்தபோதும், என்றைக்கு மாற்றத்தக்கது? இக்கேள்வியையே தொடர் பதினைந்து பகுதிகளிலும் கேட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றியது. இதற்குக் கால அவகாசம் வேண்டும். விரைந்து நடந்திருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. வழக்கமாக நாயகிக்கு இடையூறு செய்ய ஒரு கெட்ட பெண் வேண்டும். இக்கதையின் கெட்ட பெண்ணோ தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள்; நல்லவள் அவளது முகத்தையே அணிந்துகொண்டு நடமாட வேண்டியிருக்கிறது. காரகேத் விட்டுச்சென்ற பகையையும் அவப்பெயரையும் கேத்சுரங் சுமக்கிறாள்; தான் செய்யாத குற்றத்திற்குத் தலைகுனிகிறாள். போட்டியாக நிற்கவேண்டிய சன்வாத்தும் காலப்போக்கில் தோழியாகிறாள். ஒரே நடிகை இரு பெண்களாகவும் நடித்திருக்கும் திறம் பாராட்டுக்குரியது. தொடக்கத்துக் காரகேத்தின் கழுத்து நிமிர்வையும், பிற்பட்டவளின் துள்ளல் நடையையும் காணும்போது, உடல் ஒன்றே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இக்காதலுக்கு எதிர்நிலையாக மற்றொரு மணவாழ்க்கையையும் ஆசிரியர் வைத்திருக்கிறார். அது வரலாற்றில் நிகழ்ந்தது. கான்ஸ்டன்டைன் பால்கன் என்னும் கிரேக்கன் கப்பற்பணியாளாகக் கீழ்த்திசைக்கு வந்து, மொழித்திறத்தாலும் துணிவாலும் நாராய் மன்னரின் பெரும் நம்பிக்கைக்குரிய அமைச்சனாக உயர்ந்தான். ஜப்பானியரும் போர்த்துக்கீசியரும் கலந்த கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணான மரியா கியோமார் என்பவளை 1682இல் மணந்தான். தொடரில் அவள் உளமுவந்து அவனை மணப்பதாகக் காட்டப்படவில்லை. மாளிகையும் செல்வமும் இருந்தும் அவள் முகத்தில் மகிழ்ச்சியில்லை. 1688ஆம் ஆண்டு மன்னர் நோயுற்றிருந்தபோது பெத்ராசா என்பவர் ஆட்சியைக் கைப்பற்ற, பால்கன் கொல்லப்பட்டான். மரியா துன்பங்கள் பல பட்டு, பின்னர் அரண்மனை மடைப்பள்ளியில் பணியாற்றினாள். முட்டையின் மஞ்சட்கருவும் சர்க்கரைப் பாகும் கொண்டு செய்யும் இனிப்புகள் பலவற்றைச் சயாமியருக்கு அளித்தவள் அவளே என்று மரபு கூறுகிறது. அவற்றுள் பொன்னிழை போன்ற 'ஃபோய் தோங்' ஒன்று. மலபாரில் மாப்பிள்ளைமார் வீட்டு விருந்துகளில் 'முட்டமாலை' உண்ட அன்பர்கள் அதன் சுவையை எளிதில் ஊகிக்கலாம்.

தொல்பொருளியல் பயின்ற கேத்சுரங்குக்கு இம்முடிவுகள் யாவும் முன்னரே தெரியும். தோழியாகிவிட்ட மரியாவின் எதிர்காலத்தை அறிந்திருந்தும் அவளால் தடுக்க இயலாது. மென்மையான கதை என்று நாம் கூறும் இதில் ஊடாடும் துயரம் இதுவே. இரு காதலர்களும் தோட்டத்தில் சிறுசிறு சொற்களால் பிணங்கி இணங்கும்போது, அந்நகரின் மேல் வரப்போகும் புயலை அவள் ஒருத்தி மட்டும் அறிந்திருக்கிறாள். அதனால்தான் அச்சிறு மகிழ்ச்சிகளை அவள் அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறாள் என்று நாம் எண்ணினோம். தேத்தும் முற்றிலும் கற்பனையில் பிறந்தவன் அல்லன். 1686இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்குச் சென்ற சயாமியத் தூதர் மூவருள், கோசா பான் தலைமையின் கீழ் மூன்றாமவராகச் சென்ற சிறீ விசான் வாச்சா என்பவரையே ஆசிரியர் இந்நாயகனாக வரைந்திருக்கிறார்.

இத்தொடர் அந்நாட்டில் உண்டாக்கிய கிளர்ச்சியையும் சொல்லவேண்டும். 'நீ' என்பதற்குப் பண்டைய வழக்கில் இருந்த 'ஓஜாவ்' என்னும் சொல் 2018ஆம் ஆண்டில் கடைவீதிகளிலும் அலுவலகங்களிலும் மீண்டும் ஒலித்தது. 1630இல் எழுப்பப்பட்ட வாட் சாய்வத்தனாராம் கோவிலுக்கு இளைஞரும் முதியவரும் பழங்கால உடை உடுத்திக் கூட்டங்கூட்டமாகச் சென்று படம் எடுத்துக்கொண்டனர். வரலாற்றுப் பாடத்தைக் கண்டு கொட்டாவி விட்ட பிள்ளைகள் நாராய் மன்னரைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினர். ஒரு பொழுதுபோக்குக் கதைக்கு இதனினும் சிறந்த பரிசு வேண்டியதில்லை.

குறைகளும் இல்லாமலில்லை. முதலாவது, அவ்வீட்டுப் பணிப்பெண்கள் கூலிக்கு வேலை செய்பவர்கள் அல்லர், அடிமைகள். காரகேத்தின் சவுக்கை நமக்குக் காட்டிய தொடர், அவள் திருந்தியதும் அடிமை வாழ்வே இனிய வேடிக்கையாக மாறிவிட்டது போலக் காட்டுகிறது. எசமானி நல்லவளாதல் வேறு. அடிமைத்தனம் இல்லாதொழிதல் வேறு. நம் காலத்து அறிவோடு சென்ற ஒருத்தி இதைப்பற்றி இன்னும் ஆழ்ந்து சிந்தித்திருக்கலாம். இரண்டாவது, பருத்த உடலோடு இருந்தபோது காதல் கிட்டாத கேத்சுரங்குக்கு, ஒல்லியான அழகியின் உடல் கிடைத்த பின்னரே காதல் கிட்டுகிறது. அவளுடைய குணத்தையே தேத் விரும்பினான் என்று கதை கூறுவதை நம்ப விரும்புகிறோம். ஆனால் அதனை மெய்ப்பித்துக் காட்டும் வாய்ப்பை ஆசிரியர் தாமே இழந்துவிட்டார். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதைப் பார்க்கும்போது பெரியவர்கள் உடனிருந்து இரண்டு சொல் சொல்வது நலம். மூன்றாவது, நகைச்சுவைக் காட்சிகள் சில அளவுக்கு மீறி நீள்கின்றன.

இக்குறைகளைக் கூறிய பின்னரும், உப்பில்லாப் பண்டம் என்ற அன்பர்களுக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடையை நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்தே பெற்றோம். அவ்வீட்டு மகன் தன்னோடு பணிபுரிந்த குஜராத்திப் பெண்ணை மணந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. மருமகள் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பாள். மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். தமக்கு மட்டும் தனியே ஒரு கிண்ணம் ரசம் வைத்துக்கொள்வார். சண்டை ஒரு நாளும் நடந்ததில்லை. ஆனால் இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்டதும் இல்லை. தொடரைப் பற்றி முதலில் குறை கூறியவர் அந்த அம்மையாரே. "கதை என்று ஒன்றும் இல்லையே" என்று நம்மிடம் அலுத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றபோது அவரே பேச்செடுத்தார். தேத்தின் அன்னை சம்பா அம்மையார், தாம் விரும்பாத பெண் சமைத்த பண்டத்தை முதலில் ஐயத்தோடு நுனிநாவில் வைத்து, பிறகு மறுமுறை கேட்கும் காட்சியைக் குறிப்பிட்டார். "அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது நான்தான் என்று தெரிந்துவிட்டது" என்றார். பக்கத்தில் நின்ற மருமகள் தலைகவிழ்ந்து புன்னகை செய்தாள். அன்று நமக்குப் பரிமாறிய சாம்பாரில் வெல்லம் இருந்தது. அம்மையாரும் அதையே ஊற்றிக்கொண்டார். முகம் சற்றுச் சுளித்ததையும் நாம் கவனித்தோம். அதனால் அவர் மீது நமக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இக்கதை அயலானது அன்று. கேத்சுரங் வழிதவறி வேறொரு காலத்தில் குடியேறியவள். பேச்சு பாதி விளங்கும், பழக்கவழக்கம் விளங்காது. எங்கே எவ்வாறு அமர்வது, யாரை எவ்வாறு விளிப்பது என்று ஒவ்வொன்றையும் பிறர் முகம் பார்த்துக் கற்கிறாள். கற்றுக்கொண்டே, தன் சமையலையும் சிரிப்பையும் அவ்வீட்டாருக்குக் கொடுக்கிறாள். நம்முள் முதன்முதல் இங்கு வந்து குடியேறியவர்கள் பக்கத்து வீட்டாரின் ஐயத்தை எவ்வாறு கரைத்தனர்? ஒரு தட்டு இட்லியும், ஒரு பொங்கல் நாளும், பல்லாண்டுப் பொறுமையும் கொண்டுதானே? அன்று புதியவராய் வந்த நாம், இன்று நம் வீட்டுக்கு வரும் புதியவர்களுக்கு முன் தூணருகில் நிற்கும் தேத்தின் இடத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் துணைவர் வேறு மொழியினராக இருக்கலாம். வேறு இயல்பினராக இருக்கலாம். அவர்களைப் பற்றி முதல் நாளில் எழுதிவைத்த தீர்ப்பைத் திருத்த நமக்குப் பதினைந்து பகுதிகள் போதுமா, பதினைந்து ஆண்டுகள் வேண்டுமா என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே, அன்பர்கள் இத்தொடரை ஒருமுறை பார்க்கலாம் என்பதே நம் பரிந்துரை. தனித்தனி அறையில் தனித்தனிக் கைக்கருவியில் பார்க்காமல், கூடத்தில் எல்லோருமாக அமர்ந்து பாருங்கள். எழுத்துப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். குறிப்பாகப் புதிதாய் மருமகள் வந்த இல்லத்தார், சம்பா அம்மையார் உண்ணும் காட்சி வரும்போது எழுந்து அடுக்களைக்குப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.